ஏர்பிரஷ் கேட்கும் மகன்: 3,000 ரூபாயா, 10,000 ரூபாயா?

தளவாய்புரத்திலிருந்து ஒரு வாசகி குரல் பதிவு அனுப்பியிருந்தார். அதில் சொன்னது இதுதான்:

“என் மகன் பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம் படிக்கிறான். ஃபோம் ஷீட்டை வெட்டி ஒட்டி கவர்மென்ட் பஸ், மினி பஸ் எல்லாம் அச்சு அசலா செய்றான். இப்ப அதுக்குப் பெயின்ட் அடிக்க ஏர்பிரஷ்ஷும் கம்ப்ரசரும் வேணும்னு கேக்கான். 3,000 ரூபாய்க்கு ஒண்ணு காட்டுறான், 10,000 ரூபாய்க்கு ஒண்ணு காட்டுறான். நான் வீட்ல நைட்டி தைக்கிறேன். பீஸ் கணக்குல வர்ற காசு. வாங்கிக் குடுத்தா உருப்படியா வச்சுக்குவானா, இல்ல நாலு நாள்ல பரண்ல போட்ருவானா? எது வாங்கணும்?”

தளவாய்புரம் பக்கம் வீட்டுக்கு வீடு தையல் மெஷின் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். ஒரு நைட்டிக்கு இவ்வளவு என்று எண்ணி வரும் பணத்தில் 10,000 ரூபாய் சின்னத் தொகை இல்லை. அதனால் நேரடியான பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம். மகன் செய்வது பஸ் என்றால், 3,000 ரூபாய் செட் வேண்டாம். விமானம், கார், பொம்மை மாதிரி உள்ளங்கை அளவு மாடல்கள் என்றால் அதுவே போதும். பஸ்ஸுக்கு டேங்க் உள்ள கம்ப்ரசர்தான் சரி. ஆனால், வாங்குவதற்கு முன் அவர் காட்ட வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

பிரஷ் இருக்க ஏர்பிரஷ் எதற்கு?

12 மீட்டர் நீளமுள்ள பஸ்ஸை 1:24 அளவில் செய்தால் மாடல் 50 சென்டிமீட்டர் நீளம் வரும். சாதா பிரஷ்ஷால் அடிக்கும்போது பெயின்ட் அரை மில்லிமீட்டர் திட்டாக நின்றுவிட்டது என்று வையுங்கள். உண்மையான பஸ்ஸில் அது 12 மில்லிமீட்டர் மேடு. எந்த டிப்போவிலும் அப்படி ஒரு பஸ் நிற்காது. மாடல் சிறிதாகச் சிறிதாக இந்தப் பிரச்னை பெரிதாகும். ஸ்ரீவில்லிபுத்தூர் ராஜகோபுரத்தின் உயரம் 192 அடி. அதை 1:144 அளவில் செய்தால் 16 அங்குலம்தான். அதன் மேல் அதே அரை மில்லிமீட்டர் திட்டு நின்றால், நிஜ கோபுரத்தில் 7 சென்டிமீட்டருக்கு மேல் சாந்து பூசிய மாதிரி.

ஏர்பிரஷ் பெயின்ட்டைக் காற்றில் துகளாக உடைத்து, மெல்லிய படலமாக இறக்குகிறது. பிரஷ் தடம் இருக்காது. ஒரு நிறம் இன்னொரு நிறத்தில் கோடு தெரியாமல் கரையும். 1879-ல் அமெரிக்காவின் அயோவா மாகாணத்தைச் சேர்ந்த ஏப்னர் பீலர் இதன் ஆரம்ப வடிவத்தை உருவாக்கினார். ஆரம்ப காலத்தில் இது போட்டோக்களைத் திருத்தவும் வண்ணம் சேர்க்கவும்தான் அதிகம் பயன்பட்டது. மாடல் செய்கிறவர்கள் கைக்கு வந்தது பிறகுதான்.

பேனா மாதிரி இருக்கும் அந்தக் கருவி

ஏர்பிரஷ்ஷில் பார்க்க வேண்டியவை மூன்று.

முதலாவது, ‘டபுள் ஆக்‌ஷன்’. விசையைக் கீழே அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் பெயின்ட். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு பெயின்ட் வரும். ‘சிங்கிள் ஆக்‌ஷன்’ வகையில் அழுத்தினாலே இரண்டும் சேர்ந்து வந்துவிடும். பழக எளிது, ஆனால் கட்டுப்பாடு குறைவு. இரண்டுக்கும் விலை வித்தியாசம் பெரிதாக இல்லை என்பதால், டபுள் ஆக்‌ஷனே வாங்கலாம்.

இரண்டாவது, பெயின்ட் கப் எங்கே இருக்கிறது என்பது. கப் மேலே இருந்தால் ‘கிராவிட்டி ஃபீட்’. பெயின்ட் தானாக இறங்கும், குறைந்த காற்றழுத்தத்திலேயே வேலை நடக்கும், நாலு சொட்டு பெயின்ட் இருந்தாலும் அடிக்கலாம். கீழே பாட்டில் தொங்கினால் ‘சைஃபன் ஃபீட்’. பெரிய பரப்புக்கு வசதி, ஆனால் அழுத்தம் கூடுதலாக வேண்டும், பெயின்ட்டும் கொஞ்சம் வீணாகும். வீட்டுக்கு கிராவிட்டி ஃபீட் போதும்.

மூன்றாவது, நாசில் அளவு. 0.2 மி.மீ. மிக நுணுக்கமான வேலைக்கு. புதிதாகப் பழகுகிறவர் கையில் அது அடிக்கடி அடைத்துக்கொள்ளும். 0.3 மி.மீ. பொதுவான அளவு. 50 சென்டிமீட்டர் பஸ்ஸின் பக்கவாட்டை 0.3-ல் அடித்தால் நேரமும் ஆகும், பட்டை பட்டையாகவும் தெரியும். அதற்கு 0.5 மி.மீ. வேண்டும். விலை குறைந்த பல செட்களில் 0.2, 0.3, 0.5 மூன்றும் சேர்ந்தே வருகின்றன. மாற்றும்போது நாசிலை மட்டும் மாற்றினால் போதாது. அந்த அளவுக்கு உரிய ஊசி, நாசில், நாசில் மூடி மூன்றையும் சேர்த்து மாற்ற வேண்டும்.

பெயர் தெரியாத டபுள் ஆக்‌ஷன் ஏர்பிரஷ் ஏறத்தாழ 1,000 முதல் 2,000 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பழகுவதற்கு அது போதும். ஆனால், ஆர்டர் போடும் முன் ஒரே ஒரு விஷயம் பாருங்கள். அதே மாடலுக்கு ஊசியும் நாசிலும் தனியாக விற்கிறார்களா? ஊசி முனை தரையில் விழுந்து வளைவதும், கடுகு அளவு நாசில் முறுக்கும்போது உடைவதும் இந்தப் பொழுதுபோக்கில் சகஜம். உதிரிபாகம் கிடைக்காத ஏர்பிரஷ், முதல் விபத்தோடு குப்பைக்குப் போகும்.

பணம் போகும் இடம் கம்ப்ரசர்தான்

மாடல் வேலைக்குத் தேவைப்படும் காற்றழுத்தம் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. பைக் டயருக்கு அடிக்கும் காற்றைவிடவும் குறைவு. ஆகவே, அழுத்தம் எவ்வளவு என்பதைவிட, அது ஏறாமல் இறங்காமல் சீராக வருகிறதா என்பதுதான் கேள்வி. சந்தையில் கிடைப்பதை நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

*கையடக்க சார்ஜ் கம்ப்ரசர்:* ஏர்பிரஷ்ஷின் அடியிலேயே திருகிக்கொள்ளும் சின்ன மோட்டார். செட்டாக 2,000 முதல் 3,500 ரூபாய். மகன் காட்டிய 3,000 ரூபாய் பொருள் அநேகமாக இதுதான். பெரும்பாலானவற்றில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க வழி இல்லை. ஈரத்தைப் பிடிக்கும் வடிகட்டியும் இருக்காது. 0.5 நாசிலுக்கு வேண்டிய காற்றைத் தர இது திணறும். பஸ்ஸின் ஒரு பக்கம் முடிவதற்குள் சார்ஜ் இறங்கலாம். சின்ன மாடலுக்கு மட்டும் சரி. அப்படி வாங்கினாலும், ஏர்பிரஷ் தனியாகக் கழற்றக்கூடியதாகவும், வழக்கமான 1/8 அங்குல மரை உள்ளதாகவும் இருக்கட்டும். பின்னால் பெரிய கம்ப்ரசர் வாங்கினால் அதே ஏர்பிரஷ்ஷை மாட்டிக்கொள்ளலாம்.

*டேங்க் இல்லாத சின்ன கம்ப்ரசர்:* மோட்டார் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் காற்றும் துடிக்கும். அந்தத் துடிப்பு பெயின்ட்டில் புள்ளியாகத் தெரியலாம். மோட்டாரும் நிற்காமல் ஓடிச் சூடாகும். கொஞ்சம் பணம் மிச்சமாகிறது என்று இதை வாங்கிவிட்டு, பிறகு டேங்க் உள்ளதையும் வாங்குவது இரட்டைச் செலவு.

*3 லிட்டர் டேங்க் உள்ள ஹாபி கம்ப்ரசர்:* ஏறத்தாழ 7,000 முதல் 10,000 ரூபாய். எண்ணெய் இல்லாத பிஸ்டன் வகை. டேங்க் நிறைந்ததும் தானாக நிற்கும், அழுத்தம் இறங்கியதும் தானாக ஓடும். அழுத்தம் குறைக்கும் ரெகுலேட்டரும், ஈரம் பிடிக்கும் கண்ணாடிக் குப்பி போன்ற வடிகட்டியும் கூடவே வரும். சத்தம் குறைவு, ராத்திரியில் ஓட்டினாலும் பக்கத்து வீட்டார் கதவைத் தட்ட மாட்டார்கள். மின்சாரமும் பெரிதாக இழுக்காது. 1/5 குதிரைத்திறன் என்றால் சுமார் 150 வாட். மாதம் 20 மணி நேரம் ஓடினாலும் 3 யூனிட்தான்.

*ஹார்டுவேர் கடை கம்ப்ரசர்:* 24 லிட்டர் டேங்க், எண்ணெய் இல்லாத வகை, கிட்டத்தட்ட அதே விலைக்குக் கிடைக்கும். காற்று தாராளம். ஆனால் சத்தம் காதைப் பிளக்கும். டேங்க்கில் 100 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறும் என்பதால், 15-க்கும் 20-க்கும் துல்லியமாக இறக்கும் நல்ல ரெகுலேட்டரும் ஈர வடிகட்டியும் தனியாக வாங்க வேண்டும். இதில் தையல் வீட்டுக்கு ஒரு கூடுதல் வசதி உண்டு. ஓவர்லாக் மெஷினில் அடையும் பஞ்சையும் நூலையும் ஊதி எடுக்க இதே காற்று உதவும். மெஷினை நிறுத்தி, மாஸ்க்கும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. பின்வாசலில் வைத்து நீள ஹோஸ் இழுக்க இடம் இருந்தால், மகனுக்கு மட்டும் வாங்கியது என்ற எண்ணமே உங்களுக்கு வராது.

பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரசரில் தானே செய்துகொள்ளலாம் என்றும் சிலர் சொல்வார்கள். சத்தமே வராது என்பது உண்மைதான். ஆனால் அது எண்ணெயில் ஓடும் மோட்டார். காற்றோடு எண்ணெய்த் துளியும் வரும், அது பட்ட இடத்தில் பெயின்ட் ஒட்டாது. அழுத்தம் அளவு மீறினால் திறந்துவிடும் சேஃப்டி வால்வு இல்லாமல், ஏதோ ஒரு சிலிண்டரோடு இணைத்தால் வீட்டுக்குள் ஒரு வெடிபொருளை வைத்திருக்கிறோம் என்று அர்த்தம். வயரிங்கும் திறந்து கிடக்கும். வேண்டவே வேண்டாம்.

கருவியைவிட முக்கியம் மூச்சு

நீங்கள் கேட்காத கேள்வி இது. ஆனால், கேட்டிருக்க வேண்டியது இதுதான். கண்ணுக்குத் தெரியாத துகளாகப் பெயின்ட்டை உடைப்பதுதான் ஏர்பிரஷ்ஷின் வேலை. அந்தத் துகள் மாடல் மீது மட்டும் படிவதில்லை, நுரையீரலுக்கும் போகும்.

வீட்டுக்குள் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் மட்டும் அடிக்கட்டும். அதற்கும் என்-95 மாஸ்க் வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஆட்டோமொபைல் பெயின்ட் கடையில் மலிவாகக் கிடைக்கிறது என்று டக்கோ பெயின்ட்டும் என்.சி. தின்னரும் வாங்கி வந்தால் கதை வேறு. தின்னர் ஆவியை என்-95 தடுக்காது. கரி வடிகட்டி பொருத்திய, ரசாயன ஆவிக்கான மாஸ்க் வேண்டும். அந்த ஆவி தீப்பிடிக்கும் என்பதால், கேஸ் அடுப்பு, பூஜை விளக்கு, ஊதுபத்தி எதுவும் அந்தப் பக்கம் எரியக் கூடாது. நைட்டித் துணி அடுக்கியிருக்கும் அறை என்றால் கேட்கவே வேண்டாம். ஹார்டனர் கலந்து அடிக்கும் ‘2-கே’ கார் பெயின்ட்டை வீட்டில் தொடவே கூடாது. அதிலுள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது.

இன்னொரு காரணமும் உண்டு. தெர்மோகோல் மீதோ, உள்ளே தெர்மோகோல் போன்ற நுரை உள்ள போர்டு மீதோ தின்னர் பெயின்ட் பட்டால் அது உருகிக் குழியாகும். கடையில் விற்கும் ஸ்ப்ரே கேனும் அதையே செய்யும். பத்து நாள் வெட்டி ஒட்டிய பஸ் பத்து நொடியில் போய்விடும். எந்தப் பெயின்ட்டாக இருந்தாலும், வெட்டி மிஞ்சிய துண்டில் முதலில் அடித்துப் பார்க்க வேண்டும்.

நம் ஊர் காற்றும் பஞ்சும்

ஐப்பசி, கார்த்திகை மழையில் காற்றிலுள்ள ஈரம் கம்ப்ரசருக்குள் போய்த் தண்ணீராகும். வடிகட்டி இல்லாவிட்டால் பெயின்ட் நடுவே அது துப்பும். வேலை முடிந்ததும் டேங்க்கின் அடியிலுள்ள திருகைத் திறந்து தண்ணீரை வடித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் பிரச்னை நேர்மாறு. அக்ரிலிக் பெயின்ட் ஊசி முனையிலேயே காய்ந்து அடைக்கும். அதற்கு, உலர்வதைத் தாமதப்படுத்தும் ‘ரிடார்டர்’ ஒன்றிரண்டு சொட்டு சேர்க்கலாம். மதிய வெயிலை விட்டுவிட்டு காலையில் அடிப்பதும் நல்லது.

தையல் வீட்டில் பறக்கும் நூல் பிசிறு ஈரப் பெயின்ட்டில் ஒட்டினால் எடுக்க முடியாது. பெரிய அட்டைப் பெட்டியைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, அதற்குள் மாடலை வைத்து அடிக்கச் சொல்லுங்கள். மெஷின் ஓடாத நேரமாகப் பார்த்து அடித்தால் இன்னும் நல்லது.

பெயின்ட் பால் பதத்தில் இருக்க வேண்டும். கப்பின் ஓரத்தில் வழியவிட்டால் பால் மாதிரி மெல்லிய படலம் விட்டு இறங்க வேண்டும். டியூப் அக்ரிலிக்கை அப்படியே ஊற்றினால் அடைக்கும். கரைத்து, நெருக்கமான நைலான் துணியில் வடிகட்ட வேண்டும். அந்தத் துணித் துண்டுக்கு உங்கள் வீட்டில் பஞ்சம் இருக்காது.

பார்சல் வந்த அன்றே

பெட்டியைத் திறக்கும்போது செல்போனில் வீடியோ எடுத்து வையுங்கள். கம்ப்ரசரைப் பூமி இணைப்புள்ள மூன்று முனை சாக்கெட்டில் போட்டு டேங்க்கை நிரப்புங்கள். தானாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் உடனே அணைத்துத் திருப்பி அனுப்புங்கள். நின்றால், சுவிட்சை அணைத்துப் பத்து நிமிடம் விடுங்கள். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி இடத்தைக் காட்டும்.

ஏர்பிரஷ்ஷில் முதலில் வெறும் தண்ணீர் ஊற்றிச் செய்தித்தாளில் அடித்துப் பார்க்கலாம். கப்புக்குள் குமிழி வந்தால் நாசில் சரியாக உட்காரவில்லை. கோடு ஒரு பக்கமாகச் சாய்ந்தால் ஊசி முனை வளைந்திருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இதையெல்லாம் பார்த்துவிட வேண்டும்.

வாங்குவதற்கு முன் ஒரு கணக்கு

டேங்க் கம்ப்ரசர் 8,000, ஏர்பிரஷ் 1,500, மாஸ்க், பெயின்ட், சுத்தம் செய்யும் பிரஷ் எல்லாம் சேர்த்து ஒரு 1,000. ஆக, 10,500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு இரண்டு பஸ் செய்கிறார் என்றால், ஐந்து வருடத்தில் ஒரு பஸ்ஸுக்கு 1,050 ரூபாய். அவ்வளவு செலவுக்கு நியாயம் இல்லை. மெல்லிய பிரஷ்ஷில் நாலைந்து முறை நீர்க்க அடித்தாலே போதும். மாதம் ஒன்று செய்கிறார், அதில் சிலவற்றை யாராவது காசு கொடுத்து வாங்குகிறார்கள் என்றால், இது அவருடைய தொழில் கருவி. உங்களுக்குத் தையல் மெஷின் எப்படியோ, அப்படி.

இவர் எந்த வகை என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஆரம்பத்தில் சொன்ன வேலை இதுதான். இருக்கிற சாதா பிரஷ்ஷை வைத்தே அடுத்த மூன்று மாடல்களை முழுதாக முடிக்கச் சொல்லுங்கள். பாதியில் நிற்காமல் முடிக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் பிரஷ்ஷைக் கழுவி எடுத்து வைக்க வேண்டும். கேட்க ஏதோ சின்னப் பிள்ளைக்கு வைக்கும் பரீட்சை மாதிரி இருக்கும். ஆனால் ஏர்பிரஷ் பரணுக்குப் போவதற்கு முக்கியமான காரணம் ஆர்வக் குறைவு இல்லை, கழுவாமல் வைப்பதுதான். ஒவ்வொரு நிறத்துக்கும் நடுவே கப்பைக் கழுவி, சுத்தமான தண்ணீரையோ கிளீனரையோ அடித்து வெளியேற்ற வேண்டும். நாள் முடிவில் ஊசியை உருவி, முனையைக் குத்திக்கொள்ளாமல் துடைத்து, நாசிலைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். கால் மணி நேர வேலை. ஒரு ராத்திரி சோம்பல்பட்டு விட்டாலும், காய்ந்த அக்ரிலிக் உள்ளே சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும்.

மூன்று மாடல்களையும் அப்படி முடித்துக் காட்டினால் தயங்காமல் வாங்கிக் கொடுங்கள். அப்போதும் ஒரே நாளில் 10,500 ரூபாயை இறக்க வேண்டியதில்லை. முதல் மாதம் கம்ப்ரசர், அடுத்த மாதம் ஏர்பிரஷ்ஷும் மாஸ்க்கும். காசு பற்றாமல் எதையாவது குறைக்க வேண்டி வந்தால், ஏர்பிரஷ்ஷில் குறையுங்கள், பெயின்ட்டில் குறையுங்கள். டேங்க்கிலும் மாஸ்க்கிலும் குறைக்காதீர்கள்.